மிதார்ஸ்த்வோ: வானத்தில் ஓர் ஆயத்துறை

உடலை விட்ட உயிர் நேரே மேலே போய்விட முடியாது. நடுவானத்தில் பிசாசுகள் வரிசையாகச் சாவடி போட்டு, கணக்குக் கேட்டு மறிக்கும். இடைக்கால ஸ்லாவிய கிறிஸ்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்த காட்சி இது. அந்தச் சாவடி ஒவ்வொன்றுக்கும், ஸ்லாவிய சபைகளின் வழிபாட்டு மொழியான சர்ச் ஸ்லாவோனியத்தில் பெயர் 'மிதார்ஸ்த்வோ'.

இதன் வேர் 'மிதோ'. சுங்கம் என்று பொருள். பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து வாங்கிய சொல். அதன் உறவான 'மௌட்' இன்றும் ஜெர்மனில் சாலைச் சுங்கத்தைக் குறிக்கிறது. உக்ரைனியர்கள் சுங்கவரியை இன்றும் 'மிதோ' என்றே சொல்கிறார்கள். மாஸ்கோவை ஒட்டிய மித்தீஷ்சி நகரத்தின் பெயரிலும் அந்தப் பழைய சுங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுங்கம் தண்டுபவன் 'மிதார்'. அவன் உட்காரும் இடத்துக்குக் கிரேக்கத்தில் 'தெலோனியோன்'.

இந்தச் சொல்லை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தது, 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிளில் வாழ்ந்த துறவி இளைய பசிலின் வாழ்க்கை வரலாறு. அவருடைய சீடர் கிரகோரி எழுதியது. அதன் ஸ்லாவோனிய மொழிபெயர்ப்பு கீவ் நாட்டில் எவ்வளவு புழங்கியது என்றால், கீவ் இளவரசர் ஈகோர் 941இல் கான்ஸ்டான்டினோப்பிள் மீது நடத்திய படையெடுப்பை எழுத உட்கார்ந்த நாளாகமக்காரர்களே அதிலிருந்து பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள்.

பசிலுக்குப் பணிவிடை செய்த தியோடோரா என்ற மூதாட்டி, இறந்த பிறகு கிரகோரியின் தரிசனத்தில் வந்து தான் போன வழியைச் சொல்கிறாள். கழற்றிப் போட்ட துணியைப் பார்ப்பதுபோல் தன் உடலைத் திரும்பிப் பார்க்கிறாள். அப்போது பசில் வந்து, பொன் நிறைந்த சிவப்புப் பை ஒன்றைத் தேவதூதர்களிடம் கொடுக்கிறார். அவருடைய ஜெபங்களின் சேமிப்பு அது; சாவடிகளில் அவளுடைய கடனைக் கட்டுவதற்கு. பரவலாக அறியப்பட்ட வடிவத்தில் மொத்தம் 20 சாவடிகள். வீண்பேச்சுக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று. பிசாசுகளிடம் ஏடு இருக்கிறது. அறிக்கையிட்ட பாவம் மட்டும் அதிலிருந்து அழிந்துபோயிருக்கும். கடைசிச் சாவடி இரக்கமின்மைக்கு. நோன்பும் ஜெபமும் குறைவில்லாமல் செய்தவன்கூட, கல்நெஞ்சனாக இருந்தால் அங்கே விழுந்துவிடுவான். எனக்கு இந்த நூலில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

தமிழில் என்ன சொல்வது? 'உத்தரிப்பு ஸ்தலம்' என்று எழுதுவது தவறு. அது கத்தோலிக்கர்கள் சொல்லும், உயிர் தங்கித் தூய்மையாகும் இடம். இதுவோ கடந்து போகும் வழி. 'சோதனைச்சாவடி' என்றால் கேள்வி கேட்பது வரும், கட்டிவிட்டுப் போவது வராது. 'சுங்கச்சாவடி' பொருளுக்குச் சரி, ஆனால் கண்முன் நெடுஞ்சாலையும் லாரியும் வந்து நிற்கின்றன. சுங்கத்தைக் குறிக்கும் 'உல்கு' குறளில் இருக்கும் அழகான சொல்தான். இன்று அடிக்குறிப்பு இல்லாமல் புரியாது.

பொருத்தமான சொல் நம் பழைய வேதாகமத்திலேயே கிடக்கிறது. இயேசு அழைப்பதற்கு முன் வரி தண்டிக்கொண்டிருந்த மத்தேயு உட்கார்ந்திருந்த இடம் அதில் 'ஆயத்துறை'. கிரேக்க மூலத்தில் அதே இடத்தில் நிற்பது 'தெலோனியோன்'. 'மிதார்' என்பவன் நமக்கு 'ஆயக்காரன்'. வேர்ச்சொல், தொழில், இடம் மூன்றுமே ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. துறை என்றாலே கரை கடக்கும் இடம் என்பது கூடுதல் லாபம். ஆகவே 'வான் ஆயத்துறை' என்பதே என் பரிந்துரை.

ஒரு எச்சரிக்கை. இன்றைய ரஷ்யப் பேச்சில் 'மிதார்ஸ்த்வா' என்று பன்மையில் வந்தால் வானமும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரு காகிதத்துக்காக நாலு அலுவலகம் ஏறி இறங்கியவரின் புலம்பல் அது. அங்கே 'அலைக்கழிப்பு' என்றோ 'படாத பாடு' என்றோ எழுதினால் போதும்.