வெள்ளை எலி எப்போது கறுப்புத் தலை எலிக்கு உதவும்?

2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பால் பென்-அமி பார்ட்டல், பெக்கி மேசன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். உள்ளே இருப்பது தெரியும்படியான ஒரு குறுகிய குழாயில் ஓர் எலியை அடைத்தார்கள். அதோடு ஒரே கூண்டில் வாழ்ந்த இன்னொரு எலியை வெளியே விட்டார்கள். குழாயின் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். திறக்கச் சொல்லி யாரும் பழக்கவில்லை, திறந்தால் தீனியும் கிடையாது. இருந்தும் வெளியே இருந்த எலி குழாயையே சுற்றிச் சுற்றி வந்தது. சில நாட்களில் பெரும்பாலான எலிகள் கதவைத் திறந்து கூட்டாளியை வெளியே விடக் கற்றுக்கொண்டன. பக்கத்தில் சாக்லேட் அடைத்த இன்னொரு குழாயை வைத்தபோது இரண்டையும் திறந்தன. சாக்லேட்டை முழுக்கத் தின்றுவிடாமல் கூட்டாளிக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்தன.

இதைவிட முக்கியமானது 2014-ல் அதே குழு செய்தது. இந்த முறை இரண்டு வகை எலிகள்: முழு வெள்ளை ஒன்று, தலையும் தோளும் கறுப்பாக இருப்பது இன்னொன்று. வெள்ளை எலி, முன்பின் பார்த்திராத இன்னொரு வெள்ளை எலியை விடுவித்தது. கறுப்புத் தலை எலி மாட்டிக்கொண்டபோது உதவவில்லை. சரி, ஒரு கறுப்புத் தலை எலியோடு இரண்டு வாரம் சேர்த்து வைத்தால்? அதன் பிறகு அந்த வெள்ளை எலி, அறிமுகமே இல்லாத கறுப்புத் தலை எலிகளையும் விடுவித்தது.

அடுத்து வந்த முடிவுதான் என்னை உலுக்கியது. பிறந்ததிலிருந்து கறுப்புத் தலை எலிகளிடமே வளர்ந்த வெள்ளை எலிகள், அந்த வகைக்கு மட்டுமே உதவின. தன்னைப் போலவே வெள்ளையாக இருந்த எலி உள்ளே தவித்தபோது திறக்கவில்லை. யார் நம்மவர் என்பதை அங்கே ரத்தம் தீர்மானிக்கவில்லை, கூட வாழ்ந்த பழக்கம்தான் தீர்மானித்தது.

மனிதர்களிடமும் அடிப்படை ஒன்றுதான். 2004-ல் லண்டனில் தானியா சிங்கர் குழுவினர் பெண்களை ஸ்கேனரில் படுக்க வைத்து, அருகில் இருந்த அவர்களுடைய துணைவரின் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். தனக்கே வலிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் இன்சுலாவின் முன்பகுதி போன்ற சில, அப்போதும் வேலை செய்தன. வலி எங்கே, எவ்வளவு என்று உணரும் பகுதி மட்டும் அமைதியாக இருந்தது. அதாவது, அடுத்தவர் வலியின் வேதனை நமக்கு ஓரளவு வருகிறது, விவரம் வருவதில்லை.

அந்த விவரத்தைத்தான் நாம் ஊகித்து நிரப்புகிறோம். 'அவங்க இடத்துல இருந்து யோசிச்சுப் பாரு' என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கலஸ் எப்லி மூவரும் இதை 25 சோதனைகளில் அலசி 2018-ல் வெளியிட்டார்கள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தவர்கள் அவர் மனதைக் கூடுதலாகச் சரியாகச் சொல்லிவிடவில்லை. அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.

திருப்பூரில் ஒரு வீட்டுக்காரரை எடுத்துக்கொள்வோம். மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். ராத்திரி பதினொன்றரைக்கு மேல் மொட்டை மாடியில் சத்தமாகப் போன் பேசுகிறார்கள். அவர்கள் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறார். 'நானா இருந்தா அடுத்தவன் தூக்கத்தைக் கெடுப்பேனா?' கோபம் கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் அங்கே போய் நின்றது அவரேதான். ஒருநாள் தண்ணீர் மோட்டார் போட வந்தவனிடம், 'யார்கிட்டப்பா பேசுற அந்த நேரத்துல?' என்று கேட்டால் போதும். பத்தரைக்கு ஷிப்ட் முடிகிறது, அப்பாவின் குரல் கேட்காமல் குழந்தை தூங்காது, ரூமுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை என்பதெல்லாம் வரும். எவ்வளவு யோசித்தாலும் இந்தச் சிக்னல் விஷயம் அவருக்குத் தோன்றியிருக்காது.

அப்புறம், பழகுவதிலும் வகை இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற பொருளியலாளர் பல சாதி இளைஞர்களை வைத்து கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் சந்தித்துக்கொண்டவர்களிடம் அந்த நெருக்கம் வரவில்லை, உறவு குறையவே செய்தது. 2021-ல் வந்த ஆய்வு இது. ஒரே ஊரில், ஒரே தெருவில் இருந்தும் விரோதம் தீராமல் இருப்பது ஏன் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரே காரியத்துக்காக ஒருவரை ஒருவர் நம்பியிருக்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

ஆனால் எலிகளிடம் நடந்தது போல, ஒருவர் மீது வந்த நம்பிக்கை மனிதர்களிடம் அவருடைய மொத்தக் கூட்டத்துக்கும் எளிதில் தாவுவதில்லை. ஐஎஸ் அமைப்பால் விரட்டப்பட்ட ஈராக் கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் சல்மா மூசா என்ற ஆய்வாளர் முஸ்லிம் வீரர்களையும் சேர்த்தார். 2020-ல் வெளியான முடிவுகளின்படி, அந்தக் கிறிஸ்தவ வீரர்கள் ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள், நேர்மையாக, பண்போடு ஆடுபவருக்கான பரிசுக்கு முஸ்லிம் வீரர்களுக்கு ஓட்டும் போட்டார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மொசூலில் ஓர் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடுவதில் மட்டும் சொல்லும்படி மாற்றம் இல்லை. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரைவிட்டே துரத்தப்பட்டவர்கள், பந்தை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். சந்தையிலும் வேலையிடத்திலும் பிள்ளைகளின் பள்ளியிலும் இதே மாதிரி சேர்ந்து செய்ய ஏதாவது அமைய வேண்டும். மைதானத்தில் வந்த நம்பிக்கை தானாக அங்கெல்லாம் போய்ச் சேராது.