ஏசி போட்டா ஈரத்துணி வாடை வருதா? கேஸ் ஃபில் பண்றதுக்கு முன்னாடி தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் சென்னையில ஏசி சர்வீஸ் பண்ற எங்களுக்கு வர்ற கம்ப்ளைன்ட்டே மாறிடும். மே மாசம் "கூலிங்கே இல்ல"ன்னு கூப்பிடுவாங்க, இப்போ "ரூம் சில்லுன்னு தான் இருக்கு, ஆனா பெட்ஷீட் எல்லாம் நசநசங்குது, ஏசி போட்ட முதல் அஞ்சு நிமிஷம் ஒரு வாடை வருது"ன்னு கூப்பிடுவாங்க. நிறைய பேர் எங்களுக்கு முன்னாடியே வேற யாரையோ கூப்பிட்டு கேஸ் ஃபில் பண்ணி காசு குடுத்திருப்பாங்க. அந்த வாடைக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லங்க. கேஸ் ஓட ஓட தீர்ந்து போற பொருளும் இல்ல, எங்கயாவது லீக் இருந்தா தான் குறையும்.

ஏசிக்கு ரெண்டு வேலை இருக்கு, நாம ஒண்ணை மட்டும் தான் பாக்குறோம். சூட்டைக் குறைக்கிறது ஒண்ணு, காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்கிறது இன்னொண்ணு. ஐஸ் தண்ணி ஊத்துன டம்ளர் வெளியில வேர்க்கிற மாதிரி தான் உள்ள இருக்கிற கூலிங் காயில் மேல ஈரம் படியும், அது ட்ரேல சொட்டி ட்ரெயின் பைப் வழியா வெளிய போகணும். மழைக்காலத்துல ஒரு 1.5 டன் ஏசி ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டருக்கு மேல கூட தண்ணி எடுக்கும். அவ்ளோ தண்ணியும் வெளிய போகாம காயில்லயும் ட்ரேலயும் தங்குச்சுன்னா, கூட தூசியும் சேந்துச்சுன்னா, பூஞ்சைக்கு வேற என்ன வேணும்?

நீங்களே பாக்கலாம். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, காத்து வர்ற வழியில மொபைல் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. உருளை மாதிரி நீளமா ஒண்ணு தெரியும், அது தான் ப்ளோயர். அதோட இதழ்கள்ல கருப்பா புள்ளி புள்ளியாவோ, வெல்வெட் துணி கணக்கா திட்டுத் திட்டாவோ ஒட்டியிருந்தா அது வெறும் தூசி இல்ல. ஃபில்டரை மட்டும் கழுவிட்டு "சர்வீஸ் முடிஞ்சுது"ன்னு போறவங்க இதைத் தொடவே மாட்டாங்க. ப்ளோயரை ஓட விட்டா அந்தக் கருப்பு தான் காத்தோட ரூம் பூரா வரும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள இழுக்கிறதில்லங்கிறதால அதே காத்து தான் ராத்திரி பூரா சுத்திக்கிட்டு இருக்கும்.

அடுத்தது டன் விஷயம். பெருசா போட்டா நல்லதுன்னு நினைச்சு 10-க்கு 10 ரூம்ல 1.5 டன் மாட்டிடறாங்க. ரூம் பத்து நிமிஷத்துல கூல் ஆயிடும், கம்ப்ரஸர் நின்னுடும், ஆனா ஈரத்தை இழுக்க அதுக்கு நேரமே கிடைக்கல, கம்ப்ரஸர் நின்ன அப்புறமும் ஃபேன் ஓடுறதால காயில் மேல இருக்கிற தண்ணி திரும்ப காத்துலயே கலந்துடும். குளிருது, ஆனா நசநசப்பு போகலன்னு சொல்றவங்க வீட்ல பெரும்பாலும் இது தான் கதை. டெம்பரேச்சரை 18-க்கு இறக்குறது இதுக்கு வழி இல்ல, செவுரு தான் சில்லுன்னு ஆகி, கதவு திறக்கும்போதெல்லாம் அது மேல ஈரம் படியும். மழை நாள்ல ரிமோட்ல டிரை மோட் போடுங்க, இல்லன்னா ஃபேன் ஸ்பீடை லோ-ல வைங்க, ரெண்டுலயும் காத்து காயில் மேல மெதுவா போறதால ஈரம் நல்லா பிடிக்கும்.

வேளச்சேரில ஒரு தரைத்தள வீடு. பீரோவுக்குப் பின்னாடி செவுரு முழுக்க பச்சையும் கருப்புமா பூஞ்சை, பையன் காலையில எழுந்தா விடாம தும்மல். ஏசி புதுசு தான். என்ன நடக்குதுன்னு பாத்தா, மழைக்குத் துணி காயாதுன்னு அந்தம்மா ஏசி ரூம்லயே கொடி கட்டி காயப் போட்டிருக்காங்க, அட்டாச்டு பாத்ரூம் கதவும் எப்பவும் திறந்தே கிடக்கு, ட்ரெயின் பைப்போட வெளி முனை பக்கெட் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு. பைப் முனை தண்ணில முங்கினா தண்ணி சரியா இறங்காது, ட்ரேலயே தேங்கும். அவங்களைக் குறை சொல்ல முடியாது, இதை யாருமே சொல்லிக் குடுக்கல. துணியை ஹாலுக்கு மாத்தி, பைப்பை சரிவா இறக்கி விட்டு, பீரோவை செவுத்துல இருந்து நாலு விரக்கடை தள்ளி வெச்சு, ப்ளோயரைக் கழட்டிக் கழுவினோம். தும்மலுக்கு டாக்டரையும் பாக்கச் சொன்னேன். வீட்ல ஆஸ்துமா இருக்கிறவங்களோ சின்னக் குழந்தைங்களோ இருந்தா இந்த வாடையை தயவுசெஞ்சு சாதாரணமா எடுத்துக்காதீங்க, பூஞ்சை அவங்களுக்கு மூச்சுத் திணறலையே கிளப்பி விடும்.

ரூம் ஸ்ப்ரே அடிச்சு வாடையை மறைக்கிறது, ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் கலந்து செவுத்துல தேய்க்கிறது ரெண்டும் வேண்டாம். ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் கலந்தா விஷவாயு வரும். ஈரம் காட்டுற சின்ன மீட்டர் ஆன்லைன்ல கம்மி விலைக்கே கிடைக்குது, ஒண்ணு வாங்கி ரூம்ல வைங்க, 60 சதவீதத்துக்குக் கீழ நின்னா நிம்மதி. காலையில ஏசியை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி கதவைத் திறந்து விட்டு ஃபேன் மோட்ல அரை மணி நேரம் ஓட விட்டா காயில் காயும், சில மாடல்ல இதுக்குன்னு ஆட்டோ க்ளீனே இருக்கு. ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவி, நல்லா காய வெச்சு மாட்டுங்க, ஈரத்தோட மாட்டவே கூடாது.

சர்வீஸுக்கு ஆள் வந்தா ப்ளோயரையும் ட்ரேயையும் கழுவுவீங்களான்னு முதல்லயே கேட்டுடுங்க. வேலை முடிஞ்சதும் ட்ரேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தச் சொல்லி, அது வெளிய பைப்ல தடையில்லாம வருதான்னு நின்னு பாத்துட்டு காசு குடுங்க.