உப்பை உமிழும் கழிமுள்ளி

மட்டக்களப்பு வாவியின் சேற்றுக்கரைகளில், கண்டல், தில்லை என்னும் உவர்ச்சேற்று மரங்கள் நிற்கும் இடங்களின் ஓரமாக, இடுப்பளவு உயரத்திற்குப் புதராய் வளர்ந்து நீலஊதாப் பூக்களைக் கதிராகத் தாங்கி நிற்பது கழிமுள்ளி. கழுதைமுள்ளி என்பதும் இதுவே. நெய்தல் நிலப் பாடல்களில் வரும் முண்டகத்தை உரையாசிரியர் சிலர் இச்செடியாகவே கொள்வர். வயல் வாய்க்கால்களில் பூக்கும் நீர்முள்ளி இதன் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறு செடியாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. மாரியில் ஆற்று வெள்ளம் இறங்கி நீரின் உவர்ப்பைத் தணிக்கும்; கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீர் வற்றி உவர்ப்பு ஏறும். இடம்பெயர முடியாத செடி இரண்டையும் ஒரே வேரால் தாங்க வேண்டும். கழிமுள்ளியின் வேர் உப்பில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. எஞ்சியது நீரோடு இலைக்கு ஏறிவிடுகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத உப்புச் சுரப்பிகள், செடி தன் உணவிலிருந்து பெற்ற சக்தியைச் செலவிட்டு, அவ்வுப்பைக் கரைசலாக இலையின் மேற்பரப்புக்குத் தள்ளுகின்றன. வெயிலில் நீர் ஆவியாகிவிட, இலைமீது வெண்பொடியாக உப்பு எஞ்சும். அடுத்த மழை அதைக் கழுவிச்செல்லும். இலையை நாவில் வைத்துப் பார்ப்பவர் இதனை உடனே உணர்வர்.

பூவின் அமைப்பும் அதே அளவு நுட்பமானது. மேலிதழ் இல்லை, அகன்ற கீழிதழ் மட்டுமே தளமாக விரிந்திருக்க, அதன்மேல் நான்கு தடித்த மகரந்தக் கேசரங்கள் தேனை மூடிக் காக்கின்றன. அவற்றை விலக்கும் வலிமை தச்சுத்தேனீ போன்ற பெரிய தேனீக்களுக்கு உண்டு. அவை உள்நுழைகையில் முதுகில் மகரந்தம் படிகிறது. காய் முற்றியதும் வெடித்து விதைகளைத் தொலைவாக எறியும்.

உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் செம்பட்டியலில் கழிமுள்ளி அச்சுறுத்தல் குறைந்த இனமாகவே உள்ளது. ஆயினும் முள்ளி அடர்ந்த கரையெல்லாம் நலமான கரை என்று கொள்வது தவறு. இறால் பண்ணைக்காகவும் போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணங்களுக்காகவும் இவ்வாவியோரக் கண்டல்கள் வெட்டப்பட்டன. அவ்வாறு வெளியான சேற்றில் முந்திப் பரவும் செடிகளில் இதுவும் ஒன்று. அது மிக அடர்ந்தால் கண்டல் நாற்றுகளுக்கு ஒளியும் இடமும் கிடைப்பது அரிதாகும். மாறாக, கண்டல் மீண்டும் ஓங்கி நிழல் விழுந்த இடத்தில் கழிமுள்ளியின் இலைகளில் முட்கள் குறைந்து, சிலவற்றின் விளிம்பு முழுதும் மழுங்கியிருக்கும்.