நடுக்கோடை மூலிகைத் தேன்: பனி காயட்டும், அப்புறம் ஜாடி

ஐரோப்பாவின் வடக்கில் ஜூன் 20, 21 வாக்கில் பகல் நீண்டு உச்சத்துக்கு வருகிறது. அதையொட்டி வரும் நடுக்கோடைத் திருவிழாவும் ஜூன் 24இல் வரும் புனித யோவான் திருநாளும் மூலிகை இல்லாமல் நடப்பதில்லை. லாத்வியாவில் ஜூன் 23 அன்றே புல்லும் பூவும் பறித்து மாலை கட்டி, வீட்டையும் அலங்கரிக்கிறார்கள். ஸ்வீடனில் ஏழு வகைப் பூக்களைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் வருங்காலத் துணை கனவில் வருவார் என்பார்கள். ஜெர்மனியில் அந்தக் காலத்தில், நம் மரிக்கொழுந்துக்கு உறவுச் செடியான மக்வொர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திருநாள் நெருப்பருகே நின்றுவிட்டு, பிறகு அதை அந்த நெருப்பிலேயே எறிவார்களாம். இந்த நாளில் பறித்த மூலிகைக்கு வீரியம் அதிகம், விடியலில் பனியோடு பறித்தால் இன்னும் விசேஷம் என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. பறித்ததைத் தேனில் ஊறவைத்துக் குளிர்காலத்துக்கு எடுத்து வைப்பதும் இந்த நாளோடு சேர்ந்த அழகான வேலை. எனக்கு இதில் மனப்பூர்வமான மரியாதை இருக்கிறது. ஆனால் பனியோடு பறித்த இலை அந்த ஈரத்தோடே ஜாடிக்குள் போய்விடக் கூடாது.

நான் மருந்தாளுநர். கோடையில் கவுண்டருக்கு வரும் கேள்விகளில் இரண்டு எனக்கு மனப்பாடம். "தேன் நுரைத்து நிற்கிறது, சாப்பிடலாமா?" என்பது ஒன்று. "குழந்தைக்கு இருமல், இதில் ஒரு சொட்டு நாக்கில் தடவலாமா?" என்பது இன்னொன்று. "நான் சாப்பிடும் மாத்திரையோடு இது ஒத்துப்போகுமா?" என்பதுதான் மிக முக்கியமான கேள்வி. அதை யாரும் தாமாகக் கேட்பதில்லை. நான்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் நுரை. தேன் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், அதில் தண்ணீர் மிகக் குறைவு. தேனீக்கள் சிறகால் விசிறி விசிறி ஈரத்தை வற்றவைத்து, 17, 18 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அறையை மெழுகால் மூடுகின்றன. கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரம் பெரும்பாலான தேனுக்கு 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அதற்குள் இருக்கும்வரை, விழுகிற நுண்ணுயிரின் உடலிலிருந்தே நீரைத் தேனின் சர்க்கரை இழுத்துவிடும், அதனால் அது வளர்வது கடினம். 20ஐத் தாண்டிவிட்டால், தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் அதைப் புளிக்கவைத்து நுரைக்கவைக்கும் வேலையைத் தொடங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 17 சதவீத ஈரமுள்ள அரை கிலோ தேனில் 85 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதில் 50 கிராம் பச்சை இலை போடுகிறீர்கள். இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அதாவது 40 கிராம். தேன் அதை முழுக்க உறிஞ்சிக்கொண்டால் ஈரம் 23 சதவீதத்துக்குப் போய்விடும். அதே இலையை நன்றாகக் காயவைத்துப் போட்டால் 17ஐ விட்டு அநேகமாக நகராது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலை மேலே மிதக்கும், அது விடும் தண்ணீரும் மேல் அடுக்கிலேயே தங்கும். அடியில் இருக்கும் தேன் கெட்டியாக, நன்றாகவே இருக்கும்போது மேலே இரண்டு விரற்கடை அளவு நீர்த்துப்போய்ப் புளித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஜாடியைத் திறக்கும்போது மூடி சீறும், லேசான சாராய வாடை வரும். மேலே உள்ளதை வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

சரி, சடங்கையும் விடாமல் தேனையும் காப்பாற்ற வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்த நாளில் பறியுங்கள், ஜாடியைப் பிறகு நிரப்புங்கள். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பறிப்பது மணத்துக்கும் நல்லது. சின்னச் சின்னக் கட்டாகக் கட்டியோ துணியில் பரப்பியோ, காற்றோட்டமான நிழலில் காயவையுங்கள். இலை மடங்கக் கூடாது, நொறுங்க வேண்டும். காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். இதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். அப்புறம் ஈரமே இல்லாத கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மூலிகை, அதன் மேல் தேன். இலைகளுக்கு இடையே சிக்கிய காற்றைக் கரண்டிக் காம்பால் கிளறி வெளியேற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றி இறுக மூடுங்கள். தினமும் ஒருமுறை ஜாடியைக் கவிழ்த்து நிமிர்த்தினால் இலை தேனுக்குள்ளேயே இருக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வடிகட்டலாம். கெட்டியாக இருந்தால் ஜாடியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும், அடுப்பு வேண்டாம். சூரியத் திருநாள் என்பதற்காக ஜன்னலோர வெயிலில் வைப்பவர்களும் உண்டு. வெயிலும் சூடும் தேனின் நொதிகளையும் மணத்தையும் கெடுக்கும் என்பதால் நான் அலமாரியைத்தான் சொல்வேன்.

பச்சைப் பூண்டைத் தேனில் ஊறவைப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மண்ணில் விளைவதில் கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்) ஒட்டியிருக்கலாம். பூண்டு நிறையத் தண்ணீரும் விடும், தேன் நீர்த்துப்போனால் அவை முளைக்க வழி கிடைக்கலாம்.

வித்து என்றதும் குழந்தை விஷயத்துக்கு வர வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது. காய்ச்சிய தேனும் கூடாது, விரலில் தொட்ட ஒரு சொட்டும் கூடாது. தேனில் அந்த வித்து இருந்தால் பெரியவர்களின் குடல் அதை வளரவிடாது. பச்சிளங்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தால் வித்து சாகாது, அதற்கு 121 டிகிரி செல்சியஸ் அளவு வேண்டும். 1976இல் கலிஃபோர்னியாவில் பச்சிளங்குழந்தைக்கு வரும் இந்தப் பாதிப்பு (பாட்டுலிசம்) தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. மலச்சிக்கல், பால் உறிஞ்சத் தெம்பின்மை, மெலிந்த அழுகை, தொங்கும் இமை, தளர்ந்த கழுத்து எனத் தொடங்கும். இதில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி அந்த யாரும் கேட்காத கேள்வி. நடுக்கோடையின் தலைமைச் செடி செயின்ட் ஜான்ஸ் வோர்ட். யோவான் திருநாளையொட்டி மஞ்சளாகப் பூப்பதால் அந்தப் பெயர். மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புச் சாயம் ஒட்டும். ஜாடியில் போட ஆசை வருவது இயல்புதான். ஆனால் இது மனச்சோர்வுக்கு மருந்தாகவே விற்கப்படும் செடி. உடலுக்குள் போனால் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். அதனால் நீங்கள் விழுங்கும் வேறு மாத்திரை, வேலை செய்வதற்கு முன்பே வெளியேறிவிடலாம். 2000ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வந்தன. இந்தச் செடி எச்ஐவி மருந்தான இண்டினாவிரின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைக்கிறது என்பது ஒன்று. இதயமாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்ட இருவருக்கு, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் அளவு விழுந்து, புது இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது என்பது மற்றொன்று. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இதய மருந்தான டிகாக்சின் எல்லாம் இதே பட்டியல்தான். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் மூளையின் வேதிப்பொருளான செரோடோனின் மிகையாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரை போகலாம். "தேனில் எவ்வளவு இறங்கிவிடப் போகிறது?" என்பார்கள். எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க முடியாது என்பதே என் கவலை. தினமும் ஏதாவது மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பூவை மாலையில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், தேனில் வேண்டாம். மக்வொர்ட்டைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். கெமோமைல் சாமந்திக் குடும்பம் என்பதால், அந்த வகை மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. தைம், லாவெண்டர், ரோஜா இதழ், லிண்டன் பூ ஆகியவை பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தராது.

காட்டிலும் சாலையோரத்திலும் பறிப்பவர்களுக்கு ஒன்று. எல்டர் என்ற புதர்மரத்தின் பூவைக் காம்பு நீக்கி, பூவை மட்டும் எடுங்கள். இலையிலும் தண்டிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. குடை விரித்தாற்போல் வெள்ளைப் பூ பூப்பதெல்லாம் எல்டர் அல்ல, கொடிய நஞ்சான ஹெம்லாக்கும் ஜூனில் அப்படித்தான் பூக்கும். நச்சுச் செடியான ஃபாக்ஸ்குளோவின் இலையை வேறு மூலிகை என்று நினைத்துப் பறித்து இதயத் துடிப்பு தடுமாறி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. செடி எதுவென்று முழு நிச்சயம் இல்லையென்றால் பறிக்கவே வேண்டாம்.

இந்தத் தேன் பெரும்பாலும் பரிசாகத்தான் வீடு மாறும். வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஜாடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: மூலிகையின் பெயர், வடிகட்டிய தேதி, கீழே பெரிய எழுத்தில் "ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது". சர்க்கரை நோயாளிக்குக் கொடுப்பதாக இருந்தால், ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.