மணத்தக்காளியா, மணித்தக்காளியா?

கீரைக்காரம்மாவிடம் 'மணத்தக்காளி இருக்கா' என்றுதான் கேட்கிறோம், வற்றல் பாக்கெட்டிலும் அப்படித்தான் அச்சாகி வருகிறது. ஆனால் அந்தப் பழத்தில் அப்படி என்ன மணம்? முகர்ந்து பாருங்கள், ஒன்றும் இல்லை. சொல் மணித்தக்காளி. பாசிமணி மாதிரி உருண்டு கொத்தாகத் தொங்குவதால் மணி. பேச்சில் இகரம் தேய்ந்து அகரமாகிவிட்டது. மலையாளத்தில் இன்றைக்கும் மணித்தக்காளிதான். மிளகளவு இருப்பதால் மிளகுதக்காளி என்றும் சொல்வதுண்டு, கொங்குப் பக்கம் சுக்குட்டிக் கீரை.

சரி, தக்காளி எப்படி வந்தது? ரசத்துக்குப் போடும் தக்காளியின் குட்டி வடிவம் என்பதால் இந்தப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். சிவப்புத் தக்காளிக்குப் பூர்வீகம் தென்னமெரிக்கா, ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தது. மணித்தக்காளியோ காகமாசி என்ற பெயரில் சரக சம்ஹிதை எனும் பழைய ஆயுர்வேத நூலிலேயே இருக்கிற செடி. புதிதாக வந்த பழத்தைப் பார்த்த நம்மவர்கள் அதைச் சீமைத்தக்காளி என்றார்கள், கணிப்பு சரிதான், இரண்டும் சொலானம் என்ற ஒரே பேரினம். அப்புறம் 'சீமை' உதிர்ந்துபோய், வந்தது வெறும் தக்காளியாகிவிட, வீட்டுக்காரன்தான் அடைமொழியைச் சுமந்துகொண்டு நிற்கிறான். மெக்சிகோவின் நடுப்பகுதியில் இந்த அநியாயம் நடக்கவில்லை. அங்கே 'தொமாத்தே' என்றால் இன்றும் உறைமூடிய பச்சைக்காய்தான், நம்மூர்ப் பிள்ளைகள் நெற்றியில் அடித்து உடைக்கும் சொடக்குத் தக்காளியின் உறவு. சிவப்புக்கு அவர்கள் 'ஹித்தோமாத்தே' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

காகமாசி வடசொல், சித்த மருந்துப் பட்டியல்களில் பார்க்கலாம். தெலுங்கின் காமஞ்சி அதிலிருந்து வந்ததுதான். தமிழில் எழுத மணித்தக்காளியே போதும். ஆங்கிலப் பெயரான பிளாக் நைட்ஷேடை வைத்து இணையத்தில் தேடினால் விஷச்செடி என்று பயமுறுத்துவார்கள். பெல்லடோனா எனும் கொடிய நைட்ஷேட் வேறு பேரினம், பெயர்தான் குழப்புகிறது. அதற்காகப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை: பழுக்காத பச்சைக்காயில் சொலனின் என்ற நச்சு உண்டு, பச்சையாகப் பறித்து வாயில் போடக் கூடாது. கருத்தோ, சிவந்தோ நன்கு பழுத்ததைத்தான் பிள்ளைகள் செடியிலிருந்து அப்படியே தின்பார்கள், இனிப்பும் லேசான கசப்புமாக இருக்கும். காயை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மோரில் போட்டு, இப்படிச் சில நாள் பாடுபட்டால் வற்றல். நல்லெண்ணெயில் பொரித்துக் குழம்பில் போட்டால் அந்தக் கசப்புக்காகவே இன்னொரு பிடி சோறு இறங்கும்.

வாய்ப்புண், வயிற்றுப்புண் என்றால் வீட்டில் முதலில் தேடுவது இதன் கீரையை. பாசிப்பருப்போடு கூட்டு வைப்பார்கள், அல்லது தேங்காய்ப்பால் விட்டுச் சாறு. குடற்புண்ணும் ஈரல் பாதிப்பும் குறைந்ததாக எலிகளில் செய்த ஆய்வுகள் உண்டு, எலிக்குச் சரியானது நமக்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப்புண் மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் கீரையோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

யாராவது மணத்தக்காளி என்று எழுதினால் நான் பிழையென்று அடிக்க மாட்டேன், வழக்கில் நிலைத்துவிட்ட வடிவம். ஆனால் அதே வற்றலைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து 'காகமாசி பெர்ரி' என்று சீட்டு ஒட்டி மூன்று மடங்கு விலை சொன்னால், பையை மடித்துக்கொண்டு கீரைக்காரம்மாவிடமே போய்விடுவேன்.