வாசல்படியைச் செதுக்கவும் காசு வேண்டும்

எட்டு வருடம் கணினி சர்வர்களைப் பராமரித்த ஒருவர், பலருடைய சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு தளத்தில் ஒரு சாதாரண வலைத்தளத்தை ஏற்ற முடியாமல் என் எதிரில் நாற்பது நிமிடம் தவித்தார். அவர் திறமையில் குறையில்லை. வாலட் என்ற டிஜிட்டல் பணப்பையை நிறுவினார், அந்தத் தளத்தின் நாணயமான டோக்கனை வாங்கிப் போட்டார், கட்டமைப்புக் கோப்பையும் எழுதி முடித்தார். கடைசியில் திரையில் வந்த விலையைப் பார்த்து, "இது ஒரு நாளைக்கா, மாசத்துக்கா சார்?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. அது ஒரு பிளாக்குக்கான விலை. பிளாக் என்பது, அந்தத் தளம் ஓடும் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் சில நொடிக்கு ஒருமுறை சேரும் ஒரு பக்கம்.

மென்பொருளின் பயன்பாட்டு எளிமையைச் சோதித்துச் சொல்வது என் தொழில். சில ஆண்டுகளாக, இப்படி ஒரே நிறுவனத்தைச் சாராத, பரவலாக்கப்பட்ட கிளவுட் தளங்களில் வேலை செய்யும் சிறு குழுக்கள், டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்துத் தரும் பொது நிதியில் பணம் கேட்டு முன்மொழிவு எழுதும்போது கூட இருந்து உதவுகிறேன். புதிய வசதி ஒன்றைக் கட்டப் பணம் கேட்டால் வாக்கு எளிதாக விழுகிறது. இருக்கும் வசதியை மனிதர்கள் பயன்படுத்தும்படி ஆக்கக் கேட்டால், "அதான் வேலை செய்யுதே" என்ற பதில்தான் வருகிறது.

இந்த வகைத் தளங்களில் பலருக்கும் தெரிந்தது ஆகாஷ் நெட்வொர்க். மேகத்துக்கு ஆகாயத்தின் பெயரை வைத்தவர்களின் ரசனையைப் பாராட்டலாம். 2020 செப்டம்பரில் அதன் மெயின்நெட், அதாவது சோதனைக் கட்டம் தாண்டிய முதன்மை வலைப்பின்னல், தொடங்கியது. பிளாக்செயின் கட்ட உதவும் காஸ்மாஸ் எஸ்டிகே என்ற மென்பொருள் தொகுப்பின் மீது கட்டப்பட்டது. உலகெங்கும் சும்மா கிடக்கும் சர்வர்களை வாடகைக்கு விடும் சந்தை அது. நம்மூரில் ரோடு போட டெண்டர் விடுவது போலத்தான்: எனக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியு வேண்டும் என்று நீங்கள் ஒரு கோப்பில் எழுதிப் போடுவீர்கள், சர்வர் வைத்திருப்பவர்கள் தங்கள் விலையைச் சொல்வார்கள், பிடித்ததை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். 2023 ஆகஸ்டில், கனமான கணக்குகளைப் போடும் ஜிபியு சிப்புகளும் இந்தச் சந்தைக்கு வந்தன. யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் வாசலில் இருக்கிறது. கமாண்ட் லைன் வழியாக, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து போகிறவர் வாலட், டோக்கன், பிளாக்செயின் சங்கிலியில் பதியும் ஒரு டிஜிட்டல் அடையாளச் சான்றிதழ், தேவைகளை எழுதும் யாமல் கோப்பு, வைப்புத்தொகை என்று பல ஆண்டுகளாக வரிசையாகத் தாண்ட வேண்டியிருந்தது. அப்புறம் விலை. ஆறு நொடிக்கு ஒரு பிளாக் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 14,400 பிளாக், முப்பது நாளைக்கு 4,32,000. திரையில் 2 மைக்ரோ டோக்கன் (மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று காட்டினால், மாதத்துக்கு 8,64,000 மைக்ரோ, அதாவது ஒரு டோக்கனுக்குச் சற்றுக் குறைவு. அதை அன்றைய டாலர் விலையால் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கை மனதில் போடத் தெரிந்தவர்தான் வாடிக்கையாளர் என்றால், வாடிக்கையாளர் பட்டியல் மிகச் சிறியதாகத்தான் இருக்கும்.

விலையாவது குழப்பத்தோடு போய்விடும். வைப்புக் கணக்கில் பணம் தீர்ந்தால் வாடகை ஒப்பந்தமே முடிந்துவிடும். அதோடு அந்தச் சர்வரில் இருந்த தரவும் போய்விடும். நிலையான சேமிப்பு என்று பெயர் இருந்தாலும், ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரைதான் அது நிலையானது. இதைத் திரையில் எங்கே, எந்தச் சொல்லில், எத்தனை நாள் முன்னால் சொல்வது? இது அலங்கார வேலை இல்லை. ஒருவருடைய தரவுத்தளம் பிழைப்பதும் அழிவதும் இதைப் பொறுத்தது.

ஆகாஷில் இந்த வாசல் சிக்கலுக்கு ஒரு வழி பிறந்தது வெளியிலிருந்துதான். அகாஷ்லிட்டிக்ஸ் என்று தொடங்கி, கிளவுட்மாஸ் என்று பெயர் மாறிய ஒரு கருவி, கமாண்ட் லைன் இல்லாமலே திரையில் சொடுக்கிச் சர்வர் எடுக்க வழி செய்தது. அந்த வலைப்பின்னலைத் தொடங்கிய ஓவர்கிளாக் லேப்ஸ் பின்னர் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்று ஆகாஷ் கன்சோல் என்று இருப்பது அதன் வழிவந்ததே.

சரி, எளிமைக்குப் பணம் கேட்பது ஏன் இவ்வளவு கடினம்? வாக்களிப்பவர் யார் என்று பாருங்கள். வாலட் வைத்திருப்பவர், டோக்கனை ஸ்டேக் செய்தவர் (அதாவது பூட்டி வைத்தவர்), பிளாக்குகளைச் சரிபார்த்துச் சேர்க்கும் வேலிடேட்டர் நடத்துபவர். இவர்கள் எல்லோரும் அந்த வாசல்படியைத் தட்டுத்தடுமாறி என்றோ தாண்டியவர்கள். அவர்கள் கண்ணுக்கு அது இப்போது படியாகவே தெரிவதில்லை. தடுக்கி விழுந்து திரும்பிப் போனவர்களிடம் டோக்கன் இல்லை, அதனால் வாக்கும் இல்லை.

நான் உதவிய முதல் முன்மொழிவு தோற்றது. அதில் என் பங்கும் பெரிது. "பயனர் அனுபவத்தை முழுமையாக மேம்படுத்துதல்" என்று தலைப்பு வைத்தோம். பன்னிரண்டு பக்கம், அழகான மாதிரித் திரைகள். வேலிடேட்டர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "முடிந்துவிட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" பதில் எங்களிடம் இல்லை.

அடுத்த முறை தலைப்பை மாற்றினோம்: "முதல் முறை வருபவர் 15 நிமிடத்துக்குள் ஒரு வலைத்தளத்தை ஏற்ற வேண்டும்." தளத்தை அதுவரை பார்த்திராத ஐந்து பேரை உட்காரவைத்து, அவர்கள் அனுமதியோடு திரையைப் பதிவு செய்து, எங்கே நின்றார்கள் என்று வெட்டி ஒட்டிய நான்கு நிமிட வீடியோவை முன்மொழிவின் தலையில் வைத்தோம். ஐந்து பேர் போதுமா என்று கேட்பார்கள். பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு அதுதான்: ஐந்து பேரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும், மீதிப் பணத்தை, குறைகளைத் திருத்திய பிறகு மறுபடி சோதிக்க வைத்துக்கொள்ளலாம். எளிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 1999இல் ஆய்வாளர்கள் ஆல்மா விட்டன், டைகர் இருவரும், மின்னஞ்சலைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கும் பிஜிபி 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிடம் அவகாசம் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் செய்தியைச் சரியாகக் குறியாக்கி அனுப்பினார்கள். மூன்று பேர் ரகசியத்தைக் குறியாக்காமலே அனுப்பிவிட்டார்கள். மென்பொருளின் கணிதத்தில் ஒரு பிழையும் இல்லை. சான்றிதழ், தனிச்சாவி என்று பயனர் தலையில் சுமத்தும் எந்தத் தளத்துக்கும் இந்தப் பழைய சோதனை பொருந்தும்.

பணம் கேட்கும் முறை பற்றி. காஸ்மாஸ் வகைச் சங்கிலிகளில் பொது நிதி முன்மொழிவு வென்றால் பொதுவாக முழுத் தொகையும் ஒரே தவணையில் நீங்கள் கொடுத்த முகவரிக்குப் போய்விடும். கேட்பவருக்கு வசதி, கொடுப்பவருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால் தொகையை மூன்றாகப் பிரித்து, மூன்று தனி முன்மொழிவுகளாகக் கேளுங்கள். இல்லாவிட்டால், ஐந்தில் மூன்று பேர் ஒப்பினால்தான் திறக்கும் பல கையொப்ப வாலட்டில் போட்டு, சமூகத்தில் மதிப்புள்ள இருவரை அதில் சேருங்கள். டோக்கன் விலையையும் மறக்க வேண்டாம். ஆகாஷின் டோக்கன் 2021 ஏப்ரலில் 8 டாலரைத் தொட்டது. 2022 இறுதியில் அரை டாலருக்கும் கீழே கிடந்தது. டாலரில் கணக்கைச் சொல்லி, விலை சரிந்தால் எந்த வேலையை விடுவீர்கள், ஏறினால் மிச்சத்தை எப்படித் திருப்புவீர்கள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பட்ஜெட்டில் எல்லோரும் விட்டுவிடும் இரண்டு வரிகள் உண்டு. சோதனைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் தொகை ஒன்று. பிழைச் செய்திகளைத் திருத்தி எழுத ஒருவர் இன்னொன்று. "டிரான்ஸாக்ஷன் தோல்வி, கோட் 5" என்பதை "உங்கள் வாலட்டில் போதிய பணம் இல்லை" என்று மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். லோகோ மாற்ற மூன்று வாரம் ஆகும். எதற்குப் பணம் அதிகம் கேட்கிறார்கள் என்று வாசகர்களே கவனிக்கலாம். இன்னொரு பிளாக்செயினான போல்காடாட்டின் கருவூலம் 2024இன் முதல் பாதியில் செலவழித்த சுமார் 8.7 கோடி டாலரில் ஏறக்குறைய 3.7 கோடி விளம்பரம், நிகழ்ச்சிகள் போன்ற மக்கள் தொடர்புக்கே போனது. அங்கே அதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது. ஆட்களை அழைத்து வர அவ்வளவு செலவு செய்யும் யாரும், வந்தவர் வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

டோக்கன் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. காஸ்மாஸ் சங்கிலிகளில் ஸ்டேக் செய்துவிட்டு நீங்கள் வாக்களிக்காமல் இருந்தால், நீங்கள் டோக்கனை ஒப்படைத்த வேலிடேட்டர் போட்ட வாக்கே உங்கள் வாக்காகக் கணக்கில் சேரும். நீங்கள் பேசாமல் இருப்பது "விலகியிருக்கிறேன்" என்பது ஆகாது. பிடிக்காத முன்மொழிவுக்கு "வேண்டாம்" போதும். "வீட்டோவுடன் வேண்டாம்" என்பது வேறு. அது பதிவான வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், முன்மொழியும்போது கட்டிய வைப்புத்தொகையே எரிந்துபோகும், யாருக்கும் திரும்பாது. மோசடியைத் தடுக்க வைத்த அந்த ஆயுதத்தை, பட்டன் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் இரண்டாவது முன்மொழிவு வென்றது. வேலை முடிந்து அதே சோதனையை வேறு ஐந்து பேரிடம் நடத்தினோம். நான்கு பேர் 15 நிமிடத்துக்குள் முடித்தார்கள். ஐந்தாமவர் 22 நிமிடம் எடுத்தார். சான்றிதழ் என்ற சொல்லைப் பார்த்ததும், எங்கேயோ படிப்புச் சான்றிதழை ஏற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். மிச்சமிருந்த தொகையைப் பொது நிதிக்கே திருப்பி அனுப்பி, அந்தப் பரிமாற்ற எண்ணை அறிக்கையின் முதல் வரியில் போட்டோம்.