பொல்லாக்கின் கோடு ஏன் சுருளவில்லை?

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'ஃபுல் ஃபாதம் ஃபைவ்' என்றொரு ஓவியம் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947-ல் உருவாக்கியது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பெயிண்டுக்குள் ஆணிகள், பட்டன்கள், நாணயங்கள், சிகரெட், தீக்குச்சிகள், ஒரு சாவி என்று என்னென்னவோ புதைந்திருக்கும். அடியில் தூரிகையாலும் கத்தியாலும் தடிப்பாக அப்பிய வண்ணம். அதன்மேல், வீட்டுக்கு அடிக்கிற கறுப்பு, வெள்ளி நிறப் பெயிண்டை ஊற்றி இழுத்த கோடுகள்.

'ஊற்றுவதற்கு என்ன திறமை வேண்டும்?' என்று பலர் கேட்பார்கள். நிறையவே வேண்டும்.

ஸ்பூனிலிருந்து தேனை விட்டால் கீழே சுருள் சுருளாக விழுமே, அதுதான் இங்கே சிக்கல். கீழே தொட்ட நுனி அங்கேயே நின்றுவிடும். மேலிருந்து திரவம் வந்துகொண்டே இருக்கும். பாகுத்தன்மை, அதாவது எளிதில் ஓடாத கெட்டித்தன்மை, அதிகம் என்பதால் அது உடனே பரவவும் முடியாது. அதனால் இழை வளைந்து தன்மேலேயே சுற்றிக்கொள்கிறது. கையை மெதுவாக நகர்த்தினால் கித்தானில் கோட்டுக்குப் பதில் வளையங்களாக விழும்.

சரி, வேகமாக நகர்த்தினால்? இழை இழுபட்டு ஒழுங்காகப் படியும். ஆனால் உயரமும் சேர்ந்து விளையாடுகிறது. அதிக உயரத்திலிருந்து விட்டால் பெயிண்ட் விழும் வேகம் கூடும். கை அதைவிட வேகமாக ஓட வேண்டும். பெயிண்டை நீர்க்கவிட்டால், திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசை இழையைத் துளித்துளியாக அறுத்துவிடும்.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் ரோபர்ட்டோ செனிட் குழு, பொல்லாக் வரையும் பழைய படக்காட்சிகளிலிருந்து அவர் கை எந்த உயரத்தில், எந்த வேகத்தில் நகர்ந்தது என்று கணக்கிட்டது. அப்புறம் ஒரு கருவியில் சிரிஞ்சைப் பொருத்தி, வேகம், உயரம், பாகுத்தன்மை மூன்றையும் மாற்றி மாற்றிப் பெயிண்டை விட்டுப் பார்த்தது. 2019-ல் வெளியான முடிவு: சுருள் விழாத எல்லைக்குள்தான் பொல்லாக்கின் கை பெரும்பாலும் இயங்கியிருக்கிறது.

எனக்கு இது பெரிய வியப்பு. சமன்பாடு எதையும் அவர் எழுதிப் பார்க்கவில்லை. கித்தானைத் தரையில் விரித்து, சுற்றி நடந்து, குச்சியையும் காய்ந்த தூரிகையையும் வைத்தே அந்த எல்லையைக் கண்டுபிடித்திருக்கிறார். 1950-ல் டைம் பத்திரிகை அவர் ஓவியங்களோடு 'குழப்பம்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதியபோது, குழப்பம் எதுவும் கிடையாது என்று கோபமாகத் தந்தி அடித்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.